படிக்கட்டு முதலிடம், தூறல் கடைசி

ஸ்பீக்கர் தொழிற்சாலையில் அவளுடைய அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'காது' என்பார்கள். பெட்டியில் அடைப்பதற்கு முன் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் கேட்டுப் பார்த்து, சரி என்றோ திருப்பு என்றோ சாக்கட்டியால் குறிப்பது அவர் வேலை. முப்பத்தோரு வருடம் அதே கடைசி அறை, அதே சுழல் நாற்காலி. வீட்டில் அம்மாவுக்கு அதில் வேறு அபிப்பிராயம் இருந்தது. "ஊர்ல இருக்கிற ஸ்பீக்கரெல்லாம் கேக்கும். நான் பேசறது மட்டும் கேக்காது."

அவர் போய் மூன்று வாரம். சனிக்கிழமை பிற்பகல் தொழிற்சாலை கேன்டீனில் அவருக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைத்திருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்ததும் அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடலாம், எது என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று தகவல் வந்திருந்தது.

மகளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது அவள் தொழில். அரை விழுக்காடு பிசகினாலும் பிடித்துவிடுவாள். அப்பாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பது நாற்பது வயதில் அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஒன்று மூன்று நாளாக அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

அண்ணனுக்குக் குழப்பமே இல்லை. "அதான் அவரே நம்பர் போட்டு வச்சிருக்காரே."

ஒரு பழுப்பு அட்டை. சோதனை அறைச் சுவரில் தொங்கியது. ஓய்வு பெற்ற அன்று அப்பா கழற்றி எடுத்து வந்தார். தொழிற்சாலையில் சோதனைக்கென்று ஓடியது ஒரே ஒரு இசைத்தட்டு. இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் விட்டுப் போனது. ஜாஸும் ராக்கும் கலந்த ஆறு பாட்டுகள். தலைப்புகள் அப்பா வாயில் நுழையவில்லை, ஆகவே அவரே பெயர் வைத்துக்கொண்டார். இசைத்தட்டில் எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு என்ற குறிப்போடு அட்டையில் அந்தப் பெயர்கள்தான் வரிசையாக இருந்தன: படிக்கட்டு, இடி, கண்ணாடி, சண்டை, தும்மல், தூறல்.

"படிக்கட்டு. முதல் இடம். முடிஞ்சுது" என்றான் அண்ணன்.

அம்மா யோசித்தாள். "எனக்கு என்ன தெரியும்? வீட்டுல அவர் பாட்டே கேட்டதில்லையே. ஞாயித்துக்கிழமை போடுங்கன்னா, காதுக்கு லீவுன்னுடுவார்."

அது உண்மை. ஆனாலும் அதே இசைத்தட்டின் இன்னொரு பிரதி வீட்டு அலமாரியில் இருந்தது. கேட்காத மனிதர் எதற்காக வாங்கினார்? சனிக்கிழமை காலை மகள் அதை உறையிலிருந்து எடுத்தாள். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் சாய்த்தாள். தட்டு புதுசு போலப் பளபளத்தது. திருப்பினாள். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும், விரல் அகலத்துக்கு, சாம்பல் பூத்திருந்தது. பையிலிருந்து லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தாள். சந்தேகமில்லை. ஊசி ஆயிரம் முறையாவது ஓடித் தேய்த்த வரிகள். மற்ற ஐந்தும் தொடப்படாதவை.

கடைசிப் பாட்டு தூறல். அட்டையிலும் கடைசி.

அவளுக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது. அப்பாவுக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு வீடு வந்துவிடுவார். அம்மா தபால் ஆபீசிலிருந்து வர ஐந்தாகும். அவள் பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வந்து பையை வீசிவிட்டு, ரெக்கார்ட் பிளேயரோடு இணைத்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உள்ளங்கையை வைப்பாள். கதகதப்பாக இருக்கும். மழைக்காலத்தில் ஈர சாக்ஸைக்கூட அதன் மேல் காயப் போட்டிருக்கிறாள். அந்தப் பெட்டி எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

கேன்டீனுக்கு ஒரு மணி நேரம் முன்பே போனார்கள். ஸ்பீக்கர் கூம்புகளுக்குப் பசை தடவும் பிரிவில் இருந்த பசை மாமா அங்கே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவோடு ஒரே வருடம் சேர்ந்தவர். மகள் அட்டையை நீட்டி, தூறல் ஏன் கடைசி என்று கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டார். இது பிடித்த வரிசை இல்லை என்றார். வேலைக்கு எது ஆகும் என்கிற வரிசை. படிக்கட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். கம்பிச்சுருள் தளர்ந்த ஸ்பீக்கர் நாலாம் படியில் அதிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இடி கனத்துக்கு, கண்ணாடி கீச்சுக்கு. இப்படி ஒவ்வொன்றும்.

"தூறல்?"

"அது ஒண்ணுக்கும் ஆகாதும்மா. அது ஓடினா உங்கப்பன் கேக்க ஆரம்பிச்சிடுவான். குறையைத் தேட மாட்டான். ஒரு தடவை அதைப் போட்டுட்டு நாப்பது ஸ்பீக்கரை சரின்னு விட்டுட்டான். அத்தனையும் என் பிரிவுல பசை சரியா ஒட்டாதது. அப்படியே திரும்பி வந்துச்சு. முப்பத்தோரு வருஷத்துல காது கோட்டை விட்டது அந்த ஒரு நாள்தான். மறுநாளே அட்டை எழுதி மாட்டினான், தூறலைக் கடைசில போட்டு. ட்யூட்டில இனிமே தொட மாட்டேன்னான். சம்பள நாள் அன்னிக்குப் போய் வீட்டுக்கு ஒண்ணு வாங்கினான்."

மகள் அட்டையைப் பைக்குள் வைத்தாள். பிறகு இசைத்தட்டைப் பசை மாமாவிடம் கொடுத்தாள்.

முதலில் படிக்கட்டை வைத்துக் கேன்டீன் ஸ்பீக்கர்களைச் சோதித்தார்கள். நாலாம் படியில் இடது பக்க ஸ்பீக்கர் கர்ரென்று அதிர்ந்தது. மகளும் மாமாவும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள்.

"மாத்த நேரமில்லை, ஆளுங்க வந்தாச்சு" என்றான் அண்ணன். "இத்தனை பேரும் ஸ்பீக்கர் செய்யறவங்க. மானம் போகப் போகுது."

இருநூறு பேர் வந்திருந்தார்கள். பேச்சு முடிந்தது. மாமா ஊசியை இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இறக்கினார். தேய்ந்த வரிகளில் முதலில் கரகரப்புதான் கேட்டது. அதற்குள்ளிருந்து மெல்ல எலெக்ட்ரிக் பியானோ வந்தது. டிரம் தட்டுகளில் பிரஷ் உரசியது, ஓட்டு மேல் தூறல் விழுவது மாதிரி. பிறகு ஒரு டிரம்பெட், அவசரமே இல்லாமல். எட்டு நிமிடம். அம்மா மடியில் கிடந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு கை அப்படியே நின்றுவிட்டது.

பாட்டு முடிந்ததும் ஊசி மேலே எழுந்தது.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவளிடம் குனிந்தார். "இடது பக்கம் ரொம்ப அதிர்ந்துச்சாம்மா? நான் கவனிக்காம விட்டுட்டேன்."

"தெரியலை மாமா" என்றாள் மகள். "நானும்தான்."