சம்மாட்டியார் மூக்கால் சோதித்த கியர் ஒயில்

1. திரும்பி வந்த ரின்

"தம்பி, உது பழுதாப்போன சாமான். பிடியும்."

வேலாயுதம் சம்மாட்டியார் அரைக் கலன் ஒயில் அடைத்த தகர ரின்னை மேசையில் வைத்த வேகத்தில் பக்கத்திலிருந்த ஆணிப்பெட்டி துள்ளியது. கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெல்லியடிச் சந்தியில் இருந்த அந்த மோட்டார் சாமான் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஒயில் பகுதி முழுக்க என் பொறுப்பு. அந்தத் தலைக்கனம் வேறு.

சம்மாட்டி என்றால் கரைவலைக்குச் சொந்தக்காரர். இவருடைய கரை வல்லிபுரக் கோயிலைத் தாண்டி, மணல் பிட்டிகளுக்கு அப்பால் இருந்தது. அங்கே ரோட்டு இல்லை. இரண்டாம் உலக யுத்த காலத்து ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, மீன் கூடைகளை அடுக்கி, மணலுக்குள்ளால் உழுது நெல்லியடிச் சந்தைக்கு வருவார். அறுபதுகளின் நடுப்பகுதியில் அந்தக் கரை முழுவதற்கும் ஓடித்திரிந்த ஒரே வண்டி அதுதான்.

முதல்நாள்தான் அவருடைய சாரதி இராசன் வந்து, "அண்ணை, பின்னுக்கு ஒரு ஊளைச் சத்தம் கேக்குது" என்று சொல்லியிருந்தான். அச்சுக்குள் என்ன ஒயில் கிடக்கிறது என்று கேட்டேன். லொறிக்கு விடுகிற நூற்றி நாற்பது நம்பர் கட்டி ஒயில். எங்கள் பக்கத்தில் அப்போது எல்லோருக்கும் அதே எண்ணம்தான்: ஒயில் எவ்வளவு தடிப்போ அவ்வளவு நல்லது.

முதலாளியின் மேசை லாச்சிக்குள் ஒரு பழைய ஜீப் புத்தகம் கிடந்தது. அதை நான் இரண்டு தரம் வாசித்திருந்தேன். அந்த ஜீப்பின் பின் அச்சுக்குள் இருப்பது ஹைப்பொயிட் கியர். சாதாரண அச்சில் பினியன் என்கிற சின்னப் பற்சில்லு, கிரவுண் வீல் என்கிற பெரிய பற்சில்லின் நடுவை நோக்கி வந்து சேரும். ஹைப்பொயிட்டில் நடுவுக்குக் கீழே வந்து சேரும். அதனால் பற்கள் உருளுவது மட்டுமல்ல, ஒன்றோடொன்று தேய்த்து வழுக்கவும் செய்யும். அந்தத் தேய்ப்பில் வெறும் ஒயில், எவ்வளவு தடிப்பானாலும், வழித்தெடுத்ததுபோலப் போய்விடும். கந்தக மருந்து கலந்த தொண்ணூறு நம்பர் ஹைப்பொயிட் ஒயில்தான் வேண்டும். மணலில், கூடை கூடையாக மீன் ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டிக்குக் கட்டாயம் வேண்டும். சரியானதைத்தான் இராசனிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த ரின்தான் இப்போது திரும்பி வந்திருந்தது. சம்மாட்டியார் மூடியைத் திறந்து எங்கள் முதலாளியின் மூக்கடியில் பிடித்தார்.

"மணந்து பாருங்கோ. கூழ்முட்டை நாத்தம். நாப்பது வருசம் மீனோடை நிண்டவன் நான். பழுதெது நல்லதெது எண்டு எனக்குத் தெரியாதே?"

அது பொய்யல்ல. சந்தையில் அவர் மூக்கு ஒரு நீதிமன்றம். ஒரு கூடையின் மேல் குனிந்து எழும்பினால், மீன் நேற்றுப் பட்டதா இன்று பட்டதா என்று தீர்ப்பு வந்துவிடும். அதற்குமேல் அப்பீல் இல்லை.

நான் செய்த பிழை அப்போதுதான் நடந்தது. நான் சிரித்தேன். சும்மா அல்ல, கடை முழுக்கக் கேட்கச் சிரித்தேன்.

"சம்மாட்டியார், உது மீனில்லை, ஒயில். அது அப்பிடித்தான் நாறும்."

நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கியது. "நாறுற சாமானை என்ரை வண்டிக்கை விடமாட்டன்" என்று சொல்லிவிட்டு, ரின்னை அங்கேயே விட்டுப் போய்விட்டார்.

முதலாளி சத்தம் போடவில்லை. "ஏன் நாறுது எண்டு அந்தாளுக்குச் சொன்னனியோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "வாற வெள்ளிக்கிழமை அவற்றை மகளுக்குக் கலியாணம். அளவெட்டியிலையிருந்து மேளம் வருகுது. அவையை மணலுக்கை ஏத்திக்கொண்டு போறது உந்த ஜீப்தான். அது நடுவழியிலை நிண்டுதெண்டால் உன்ரை சிரிப்பை நான் ஆருக்குச் சொல்லுறது?"

நான் அந்த ரின்னை மூடி மேசைக்குக் கீழே வைத்தேன்.

2. நாய்கள் பின்தொடர்ந்த மேளம்

வெள்ளிக்கிழமை காலை கடையின் சார்பில் அன்பளிப்பாக ஒரு குத்துவிளக்கை என்னிடம் தந்து, "ஜீப்பிலை நீயும் ஏறிப் போ" என்றார் முதலாளி. மேளக்காரர் நால்வரும் வாடகைக் காரில் வந்து சந்தியில் இறங்கி நின்றார்கள். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, காதில் கடுக்கன். முகூர்த்தம் பத்தரைக்கு.

ஜீப் வந்தது. அதற்கு முன்னமே மணம் வந்துவிட்டது. ஜீப்புக்குப் பின்னால் மூன்று நாய்கள். ஒரு பூனை மதிலில் ஓடி ஓடிக் கூடவே வந்தது.

"இராசன், என்னடாப்பா இது?"

அவன் தலையைச் சொறிந்தான். "சம்மாட்டியார் ஊளைச் சத்தத்துக்குத் தானே வைத்தியம் செய்து போட்டார் அண்ணை. பழைய ஒயிலை வெளியிலை ஊத்திப்போட்டு, வள்ளத்துக்குப் பூசுற சுறா எண்ணெயை விட்டிருக்கிறார். முதல்தரமான எண்ணெய், மணந்து பாத்துத்தான் விட்டனான் எண்டார்."

வள்ளத்துப் பலகையை வருடக்கணக்காகக் காப்பாற்றுகிற எண்ணெய்தான். ஆனால் பலகை கொதிப்பதில்லை. சம்மாட்டியார் வேண்டாமென்ற ஒயிலை அவரைக் கேட்காமல் அங்கேயே மாற்ற முடியாது; வழியில் நின்றால் தேவைப்படும். ஓடிப்போய்க் கடைக்குள் மேசைக்குக் கீழே கிடந்த அதே ரின்னைத் தூக்கினேன். இரண்டு ஸ்பானர், ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரு வெறும் போத்தல் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

நாதஸ்வரக்காரர் சால்வையால் மூக்கைப் பொத்தியபடி பின்னால் பார்த்தார். "நாங்கள் எத்தினையோ ஊர்வலத்துக்கு வாசிச்சிருக்கிறம். நாய் ஊர்வலம் இதுதான் முதல்தரம்."

வல்லிபுரக் கோயிலடியில் இறங்கிக் கும்பிட்டோம். இராசன் நாலு ரயர்களிலும் காற்றைக் குறைத்தான். பிறகு மணல். அங்கே ஜீப் ஓடுவதில்லை, முக்கி முக்கி நீந்தும். பின் அச்சு ஊளையிடத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு தவில்காரர் தன் தவிலைக் கட்டிப்பிடிக்கும் அளவுக்கு. கொஞ்ச நேரத்தில் சுறா பொரிக்கிற வாசம் வந்தது. பின்னால் புகை தெரிந்தது.

"நிப்பாட்டு!" என்றேன்.

இறங்கி, பற்சில்லுகள் இருக்கிற அச்சுப் பானையில் கையை வைத்தேன். வைத்த கையை எடுத்த வேகம் எனக்குத்தான் தெரியும். இன்னும் இரண்டு மைல் மணல். இப்படியே ஓட்டினால் பினியன் இறுகிப் பல் உடையும். பிறகு ஜீப்பும் இல்லை, மேளமும் இல்லை. மணி ஒன்பதுக்குக் கிட்ட.

"நடந்து போனால் என்ன?" என்று இராசன் கேட்டான்.

நாதஸ்வரக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மணலுக்கை ரெண்டு மைல் நடந்தால் எனக்கே மூச்சிராது. குழலுக்கு எங்கையிருந்து குடுக்கிறது? கெட்டிமேளத்துக்கு நீ விசிலடிக்கிறியோ?"

3. வேட்டியை மடித்துக் கட்டிய வித்துவான்கள்

சேர்ட்டைக் கழற்றிவிட்டு ஜீப்புக்குக் கீழே படுத்தேன். அடிப் பிளக்கைக் கழற்றியதும் கொதிக்கக் கொதிக்கச் சுறா எண்ணெய் மணலில் கொட்டியது. பாதி நுரை. கொஞ்சத்தை வெறும் போத்தலில் பிடித்தேன். விரலில் தேய்த்துப் பார்த்தபோது வெள்ளித் தூள் மாதிரி மின்னியது. பல் தேய்ந்து விழுந்த உருக்கு அது.

மண்ணெண்ணெயை விட்டு உள்ளே கழுவ வேண்டும். கழுவுவதற்குச் சில்லு சுற்ற வேண்டும். "ஐயாமார், ஒருக்காத் தள்ளிவிடுங்கோ" என்று கேட்கத்தான் எனக்கு வாய் வந்தது. முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. ஆனால் தவில்காரர் முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏலேலோ!" என்று அவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் தாளம் பிசகாமல் ஜீப்பை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளினார்கள். சந்தனப் பொட்டெல்லாம் வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. அந்த மணலில் நாங்கள் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மண்ணெண்ணெய் வடிந்ததும் அடுத்த சிக்கல். ஒயில் விடும் துளை அச்சின் பக்கத்தில் இருக்கிறது. சரித்து ஊற்ற முடியாது. புனல் இல்லை. நான் யோசித்தபடி தலையைத் திருப்பியபோது கண் நாதஸ்வரத்தின் விரிந்த அடிவாயில் போய் நின்றது.

"என்ன பாக்கிறீர்?" நாதஸ்வரக்காரர் குழலை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "உதை மட்டும் நினைக்காதையும்."

பனை வடலி ஒன்றில் ஓலை கிழித்துப் புனலாகச் சுருட்டினேன். ஜீப்பில் கிடந்த காற்றுப் பம்பின் றப்பர் குழாயைக் கழற்றி அதில் செருகினேன். ரின்னைத் திறந்ததும் அந்தக் கூழ்முட்டை மணம் எழும்பியது. ஏற்கெனவே சுறா. இப்போது இது. "தம்பி, கலியாணச் சாப்பாடு இனி எனக்கு வேண்டாம்" என்றார் தவில்காரர். இரண்டு பைந்து, ரின்னில் சரிபாதி, பிடித்தது. மிச்சம் முன் அச்சுக்கு. அதை அடுத்த நாள் பார்த்துக்கொண்டோம்.

ஜீப் கிளம்பியது. ஊளை முற்றாகப் போகவில்லை. தேய்ந்த பல் தேய்ந்ததுதான், அதை எந்த ஒயிலும் முளைக்க வைக்காது. ஆனால் அரை மைல் போவதற்குள் சத்தம் பாதியாக இறங்கியது. புகை இல்லை. நான் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன். எனக்குச் சந்தோசத்தில் பாடவேண்டும்போல இருந்தது. வித்துவான்கள் இருந்ததால் பாடவில்லை.

4. பந்தல் வாசலில்

பத்துக்குக் கொஞ்சம் பிந்திப் பந்தலுக்கு முன்னால் போய் நின்றோம். சம்மாட்டியார் பட்டு வேட்டியோடு வாசலில் தவித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மறுநொடி மூக்குச் சுருங்கியது.

"உந்த நாத்தத்தை விட்டுத்தான் கொண்டுவந்தனீரோ?"

"ஓம், சம்மாட்டியார்."

அவர் ஜீப்புக்குப் பின்னால் போனார். குனிந்து அச்சுப் பானையில் உள்ளங்கையை வைத்தார். கையை எடுக்கவில்லை. இளஞ்சூடுதான்.

நான் போத்தலை நீட்டினேன். "இது உங்கடை எண்ணெய். மணந்து பாருங்கோ."

மணந்தார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. "தீஞ்சு போச்சு," என்றார் மெதுவாக. "நல்ல எண்ணெயாத்தானே விட்டனான்."

கடையில் நான்கு நாளுக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். "மீன் பழுதானால் நாறும், ஓம். உந்த ஒயில் நல்லதெண்டால்தான் நாறும். அதுக்கை கந்தகம் கிடக்கு. பல் ரெண்டும் நெருக்குப்படேக்கை ஒயில் வழிஞ்சு போனாலும் கந்தகம் பல்லிலை பிடிச்சுக்கொண்டு நிக்கும். மணம் இல்லாட்டில்தான் நீங்கள் திருப்பித் தரவேணும். அண்டைக்கு இதைச் சொல்லாமல் சிரிச்சது என்ரை பிழை."

அவர் என்னையும் என் கறுத்த கைகளையும் பார்த்தார். "கையைக் கழுவிப்போட்டு வாரும். பந்தியிலை எனக்குப் பக்கத்திலை இரும்" என்றார். பத்தரைக்குக் கெட்டிமேளம் முழங்கியது. சுறா மணக்க மணக்க வாசித்த அந்த மேளத்தைப் போல ஒன்றை நான் பிறகு கேட்டதில்லை.

5. எங்கள் கடையின் ஆய்வுகூடம்

எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் வருவது சுருங்கிவிட்டது. ரின் இல்லை. யார் யாரோ டிரம்மில் கொண்டுவந்து, சோக்கட்டியால் நம்பர் எழுதித் தந்தார்கள். அப்படி ஒருவன் ஹைப்பொயிட் தொண்ணூறு என்று ஒரு டிரம் இறக்கினான். நிறம் சரி, தடிப்புச் சரி. நானும் முதலாளியும் திருப்திப்பட்டோம்.

மீன் விற்று முடித்து ஒன்பது மணிக்குச் சம்மாட்டியார் வந்தார். டிரம்மின் வாயில் குனிந்தார். ஒரு தரம், இன்னொரு தரம்.

"தம்பி, உது நல்ல வாசமாக் கிடக்கு. மருந்துக்கும் நாத்தம் இல்லை. திருப்பி அனுப்பும்."

கொண்டுவந்தவன் முதலில் துள்ளினான். பிறகு, எஞ்சின் ஒயிலில் ஏதோ கலந்ததென்று ஒத்துக்கொண்டு டிரம்மை உருட்டிக்கொண்டு போனான். அதை விட்டிருந்தால் எத்தனை வண்டியின் அச்சு போயிருக்குமோ தெரியாது. அன்றிலிருந்து அவர் மணந்து பார்க்காமல் எங்கள் கடையில் கியர் ஒயில் டிரம் எதுவும் விலைக்குப் போனதில்லை.

இப்போது கடைகளில் நிற்கிற தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வண்டி எங்கே ஓடுகிறது, என்ன பாரம், உள்ளே எந்த வகைக் கியர் என்று முதலில் கேளுங்கள். ஹைப்பொயிட் அச்சுக்கு விடுகிற ஒயிலைக் கியர் பொக்சுக்கும் சேர்த்து விடாதீர்கள். அங்கே பித்தளைப் புஷ் இருந்தால் கந்தகம் அதைத் தின்னும். ரின்னைக் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து வாங்குகிறவருக்கு மணக்கக் கொடுங்கள், ஏன் அப்படி மணக்கிறது என்று சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த தொழிலில் இருந்தே சொல்லுங்கள்.

அந்த டிரம் உருண்டு போன அன்று முதலாளி சந்தோசத்தில், "சம்மாட்டியாருக்கு இனி நாங்கள் சம்பளம் போடவேணும்" என்றார்.

சம்மாட்டியார் என் பக்கம் கையைக் காட்டினார்.

"சம்பளம் வேண்டாம். நான் மணக்கேக்கை உந்தத் தம்பி சிரிக்காமல் நிண்டால் காணும்."

சொல்லிவிட்டு, கடை முழுக்கக் கேட்க அவர்தான் சிரித்தார்.