என் கைக்குள் இருந்தது வெறும் ஈயக்குண்டு

அம்மனை நம்புகிறவர்களே, இதை நான் ஆத்திரத்தோடுதான் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம். கடலில் மீன்பாடு சரியில்லை என்று என் வீட்டுக்காரர் ஏழுமலை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு காண்ட்ராக்டரிடம் பைப் வேலைக்குப் போனார். பற்றவைத்த பைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று அணுக்கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பார்களாம். விரல் நுனி அளவு குண்டு ஒன்றிலிருந்து அந்தக் கதிர் வருமாம். கூலிக்காரர்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. மண்ணில் கிடந்ததைப் பார்த்தவர், வலைக்கு ஈயக்குண்டாக உதவும் என்று மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வாசலிலேயே தடுத்தேன். பேர் தெரியாத பொருள் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பது எங்கள் குப்பத்து வழக்கம். கன்னியம்மன் எல்லைக்கல்லுக்கு அப்பால் மணலில் புதைத்து, ஆடி கழிந்த பிறகுதான் எடுப்போம். முனகிக்கொண்டே போய்ப் புதைத்துவிட்டு வந்தார். உள்ளே என் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

கொஞ்ச நாளில் அவர் இடுப்பு சிவந்தது, கொப்பளித்தது, சதை அழுக ஆரம்பித்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டர், "இது சாதாரண தீப்புண் இல்லம்மா. என்ன பட்டதுன்னு தெரிஞ்சாதான் சரியான வைத்தியம் பண்ண முடியும்" என்றார். குண்டைப் பற்றிச் சொன்னேன். அது என்ன குண்டு என்று வேலை இடத்துச் சூப்பர்வைசரைக் கேட்டு வரச் சொன்னார். ஓடினேன்.

"இங்க இன்னா தொலைஞ்சிது? ஒண்ணும் தொலையல. போமே!"

வாய்தான் அப்படிச் சொன்னது. அவன் கண் மண்ணைத் தேடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்து அம்மன்மேல் பூசினேன். கை எரிந்தது. "தாயே, எம்புருஷன பொழைக்க வை. அவன் பொய்ய அவன் வாயாலயே கக்க வை. ஊரே பாக்கணும்." மன்னிக்கிற மனசைக் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்பதில்லை.

டாக்டர் சொல்லி அனுப்பியதால், கதிர் வேலையைக் கண்காணிக்கும் மேலதிகாரி ஒருவர் எங்கள் குப்பத்துக்கே விசாரிக்க வந்தார். கூடவே அந்தச் சூப்பர்வைசர். "சார், இவ புருஷன் கொதிக்கிற தாரை மேல கொட்டிகினு டப்புக்கு டிராமா போடறான்."

எனக்குள் யார் புகுந்தாளோ! காய்ந்துகொண்டிருந்த வலையிலிருந்து ஓர் ஈயக்குண்டைப் பிய்த்தேன். கையை மூடிக்கொண்டு அவனிடம் நடந்தேன்.

"அண்ணாத்த, எம்புருஷன் எட்துகினு வந்தது இதான். கைய நீட்டு."

"கிட்ட வராத! தூக்கிப் போடு! செத்துருவோம்!" என்று அலறி ஓடியவன், மீன் கூடையில் இடறிக் குப்புற விழுந்தான்.

அதிகாரி கேட்டார்: "ஒண்ணுமே தொலையலன்னியே. எதுக்குய்யா ஓடற?"

எல்லைக்கல் பக்கம் அவர்கள் கொண்டுவந்த, கதிரைக் கண்டுபிடிக்கும் பெட்டி டிக் டிக் என்று கத்தியது. ஊரைத் தள்ளி நிறுத்திவிட்டு, உண்மைக் குண்டை எடுத்துப் போனார்கள். வீட்டுக்காரரை அன்றைக்கே மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இடுப்பில் ஒரு பள்ளத்தோடு உயிர் பிழைத்து வந்தார். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்கு வேலை போனது, போலீஸும் வந்தது. அவன் மீன் சேற்றில் கிடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு ருசிக்கிறது.

அதிலிருந்து, கூலி வேலைக்குப் போகும் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன். தெரியாத பொருளைத் தொடாதீர்கள். தள்ளி நின்று ஊரைக் கூப்பிடுங்கள். அதை எவனாவது மறைத்தால், அவன் பேரைச் சொல்லித் தாயிடம் அழுங்கள். அவள் கேட்பாள்.

மிளகாய் பூசியவள், காரியம் முடிந்ததும் பாலும் இளநீரும் ஊற்றி அம்மனைக் குளிர்விக்க வேண்டும். குடம் குடமாக ஊற்றினேன். அவள் குளிர்ந்துவிட்டாள். நான்தான் இன்னும் குளிரவில்லை.