குப்பைத்தொட்டிக்குப் போன அரிசி

மார்லீன் குசேராவுக்குக் கோபம் வந்தால் அந்தப் பள்ளிக்கூடமே கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். வராமல் எப்படி இருக்கும்? நெப்ராஸ்காவில் மாட்டிறைச்சி ஆலையை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. அந்த ஆலையில் வருஷக்கணக்காகக் கறி வெட்டிவிட்டு, பிறகு படித்து டீச்சர் ஆனவள் அவள். ஆலைக்குப் புதிதாக வந்து சேர்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது வேலை. அதற்குக் கொடுத்த இடமோ, பாய்லர் அறைக்குப் பக்கத்தில் ஒரு பொந்து.

படத்தைக் காட்டிப் பாடம் நடத்துவது அவளுக்கு ஆகாது. மேசையின் ஒரு பக்கம் எண்ணுகிற சாமான்: முட்டை, ஆப்பிள், வெங்காயம். மறுபக்கம் அளக்கிற சாமான்: பால், மாவு, சர்க்கரை. பிள்ளைகள் தொட்டுத் தூக்கி, இங்கிலீஷில் பெயர் சொல்லி, உரிய பக்கத்தில் வைக்க வேண்டும். எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து வரும்.

சோமாலியாவிலிருந்து வந்த ஏழு வயது உபா மட்டும் வாயே திறக்கவில்லை. பள்ளிகளின் மேற்பார்வையாளர் சோரன்சன் வந்து பார்ப்பார், அன்றும் பேசாவிட்டால் மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான வேறு பள்ளிக்கு அவளை மாற்றிவிடுவார் என்று தகவல் வந்துவிட்டது.

"புது பாஷையைக் காதுல வாங்கிட்டு இருக்கா. அதுக்குள்ள முட்டாள் பட்டமா?" என்று மார்லீன் முதல்வரிடம் கத்தினாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

சோரன்சன் வருகிற நாள் காலை, அம்மா கொடுத்த அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள் உபா. மேசையில் வைத்தாள். உதடு அசைந்தது. மார்லீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்தா அந்த மனுஷன் நுழைய வேண்டும்! பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்தார்.

"என்ன மேடம் இது? வீட்டுச் சாமான் வகுப்புக்குள்ள வரக்கூடாதுன்னு விதி இருக்குல்ல? யாருக்காவது அலர்ஜி வந்தா?"

"வெறும் அரிசி சார், அந்தப் பொண்ணு இப்பத்தான்..."

அவள் முடிப்பதற்குள் பையைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டார் பாவி.

உபா துள்ளி எழுந்தாள்.

"அது எங்கம்மா அரிசி! நீ ஏன் கொட்டின? எடு!"

அத்தனையும் இங்கிலீஷில்.

சோரன்சன் முகத்தைச் சுளித்தார். "பேச்சு வருது. மரியாதைதான் வரல."

மார்லீன் மேசையில் அறைந்த அறையில் முட்டைகள் உருண்டு விழுந்தன.

"மரியாதையா? சின்னப் புள்ள கொண்டுவந்ததைக் குப்பையில கொட்டிட்டு மரியாதையைப் பத்தி நீங்க பேசுறீங்களா? பேசுறாளான்னு பாக்கத்தானே வந்தீங்க? கேட்டாச்சுல்ல? கிளம்புங்க!"

"இவ இங்கேயே இருக்கட்டும். ஆனா உங்க மேல புகார் போகும்."

"தாராளமா போகட்டும்."

அவர் வெளியேறினார். உபா மார்லீனின் கையைப் பிடித்தாள். "மிஸ், நான் பேசினது தப்பா?"

மார்லீன் போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"தப்பே இல்லடி கண்ணு. அந்தாளு இன்னும் வாசலைத் தாண்டல. இன்னொரு தடவை சொல்லு, சத்தமா."