இன்டரப்ட் எழுதிப் பட்ட பாடு

கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, கூப்பிட்டவருக்கு என்ன வேணும் என்று ஓடிப்போய்ப் பார்க்க ஒரு பெட்டிக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் தொழில். கிளிநொச்சியில் சின்னக் கொம்பனி ஒன்று. ஐஸ் கொம்பனி, அரிசி ஆலை, கோழிப்பண்ணை போன்ற இடங்களுக்குச் சின்னச் சின்னக் கம்பியூட்டர்ப் பெட்டிகள் செய்து பூட்டிக் கொடுக்கிறோம். பெட்டியோடு தொடுத்திருக்கிற சுவிச்சோ மீற்றரோ "என்னைப் பார்" என்று போடுகிற கூப்பாட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். எந்தக் கூப்பாட்டுக்கு எந்த நிரல், அதாவது புரோகிராம், ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிற அடிமட்ட மென்பொருள் கேர்னல். அதற்குள்தான் நான் எழுதுகிறேன். சோறு வடிக்கிற நேரம் பார்த்துப் போன் அடித்து எழும்பி ஓடின எல்லாருக்கும் என் கஷ்டம் விளங்கும்.

பதவி

ஸ்கந்தபுரத்தில் இருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் நல்ல மனுசன். தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு, என்ன வேலை என்று கேட்டார். கேர்னலில் வேலை செய்யிறன் என்றேன். தேத்தண்ணி பாதி வழியில் நின்றது. எவ்வளவு காலம் என்றார். படிப்பு முடிஞ்ச நாளிலிருந்து, இப்பவும்தான் என்றேன். அவர் ஒருக்கால் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. மனுசனுக்குக் கேட்டது கேணல். கர்னல் என்கிறதை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம்; எங்கள் பக்கத்தில் அது சண்டைக்காலத்தில் இயக்கத்துப் பெரிய பதவி. நான் பதறிப்போய், அது கம்பியூட்டருக்குள்ளே இருக்கிற ஒரு மென்பொருள் என்று ஆதியோடு அந்தமாக விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "விளங்குது பிள்ளை. ஆர் கேட்டாலும் இப்பிடியே சொல்லுங்கோ."

பெல்

கொக்கிளாயில் ஒரு ஐஸ் கொம்பனிக்குப் பெட்டி பூட்டினோம். வாசலில் ஒரு பெல். உள்ளே தொட்டியில் ஒரு மிதவை. தண்ணீர் குறைந்தால் அது கூப்பிடும், பம்பு ஓடும். பெட்டியில் இடம் போதாமல் இரண்டையும் ஒரே இன்டரப்ட் கம்பியில் தொடுத்தோம். அப்படித் தொடுக்கலாம். ஆனால் கூப்பாடு வந்ததும், கூப்பிட்டது தன்னைத்தானா என்று ஒவ்வொரு நிரலும் முதலில் விசாரிக்க வேண்டும். எங்கள் பம்பு நிரல் அந்த மரியாதை எதுவும் பார்க்காமல், எல்லாம் தனக்குத்தான் என்று எடுத்துப் பம்பைப் போட்டது; பெல்லுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

ஐஸ் வாங்க வந்த மீன்காரர் ஒருவர் பெல்லை அமத்தியிருக்கிறார். ஒருவரும் வரவில்லை. விடாமல் அமத்தியிருக்கிறார். உள்ளே தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் வாசலுக்கு வந்து அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கே பொறுப்பாக இருக்கிற அன்ரன் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். ஏசவில்லை. "பெல் அடிச்சா ஆள் வரவேணும் பிள்ளை, தண்ணி வரக்கூடாது."

நித்திரை

இன்டரப்டைக் கவனிக்கிற நிரல் நித்திரை கொள்ளக் கூடாது. வேறு ஏதோ வரட்டும் என்று காத்திருப்பதைத்தான் நாங்கள் நித்திரை என்கிறோம். அது காத்திருந்தால் முழுப் பெட்டியும் விறைத்துப் போகும். என்னோடு வேலை செய்கிற ரமணனுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவன் எழுதிய நிரல், வவுனியாவில் ஒரு அரிசி ஆலையில், ஆலைக்காரருக்கு நாங்கள் பெட்டியை ஓட்டிக் காட்டுகிற நேரத்தில் சுகமாகக் கண்ணயர்ந்தது.

எங்கள் முதலாளிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, நிரல் நித்திரை கொண்டதைச் சொன்னோம். கூப்பிட்ட உடனே எழும்புறதுக்கெண்டு வச்சிருக்கிற ஆள் நித்திரை கொண்டா என்னெண்டு வேலை நடக்கும், முதல் அந்த ஆளைத் தூக்குங்கோ என்று அவர் கத்தினார். ஆலை முழுவதும் கேட்டது. வாசலில் காவலுக்கு இருந்த முத்தையா அண்ணன் மெதுவாக உள்ளே வந்தார். மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பம், சரியான பயந்த சுபாவம். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, போனைப் பார்த்துச் சொன்னார்: "கண்ண மூடுனது உண்மைதாங்க ஐயா. ஆனா தூங்கலங்க."

கதவு

இது மட்டும் சிரிக்கிற விசயமாகத் தொடங்கவில்லை. மாங்குளத்தில் குஞ்சு பொரிக்க வைக்கிற பரமேஸ்வரி அக்கா பதறிப்போய்க் கூப்பிட்டா. முட்டைகள் பொரிக்கிற தறுவாய். எங்கள் பெட்டி சூடு பார்க்கிற இயந்திரமோ ஆறிக்கொண்டு போகிறது.

நானும் ரமணனும் மோட்டார் சைக்கிளில் ஓடினோம். கதவு திறந்தால் சொல்லுவதற்கு ஒரு சுவிச் வைத்திருந்தோம். கதவின் கொளுக்கி தளர்ந்து, உள்ளே காற்றாடி சுற்றுகிற ஆட்டத்தில் சுவிச் நடுங்கியபடி இருந்தது. ஒவ்வொரு நடுக்கமும் ஒரு கூப்பாடு. பெட்டி ஒவ்வொன்றுக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி ஓடி, சூட்டைக் கவனிக்கிற நிரலுக்கு முறையே வரவில்லை. நாங்கள் போய்ச் சேருமுன் அக்கா பெட்டியை நிப்பாட்டி, உள்ளே குண்டு பல்புகளைக் கொளுவி, சாக்கால் மூடி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துப் பல்பைப் போட்டு அணைத்துக்கொண்டு இருந்தா. முகமெல்லாம் வியர்வை. எனக்கு அவாவைப் பார்க்கவே ஏலவில்லை.

ஒருதரம் கூப்பிட்ட சுவிச் கொஞ்ச நேரத்துக்கு வாய் திறக்கக் கூடாது என்று நிரலை அங்கேயே இருந்து மாற்றினேன். ரமணன் கொளுக்கியை முறுக்கினான். சூடு ஏறியது. பின்னேரம் முதல் ஓடு வெடித்தது, பிறகு பக்கத்தில் ஒன்று. கொஞ்ச முட்டை பழுதாய்ப் போனது, மிச்சம் தப்பியது. அறை முழுக்கக் கீச்சுக்கீச்சு என்று சத்தம். அக்கா அப்போதுதான் வந்து கதிரையில் குந்தினா. "இனி இவையள் எல்லாரும் ஒரேயடியாக் கூப்பிடப் போகினம்," என்றா. "அதுக்கும் உங்களிட்டப் பெட்டி இருக்கோ?"

மொத்தத்தில், இந்தத் தொழிலில் எங்களுக்குக் கிடைக்கிற ஒரே பாராட்டு, ஒருவரும் எங்களைக் கூப்பிடாமல் இருக்கிறதுதான்.