ரோஸ் அடிக்குது

எங்கள் ராஜபாளையத்தில் வெள்ளை நாய்க்குட்டியைப் பார்க்க வருகிறவர்கள் முகத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். மூக்கைப் பார்ப்பார்கள், காதை மடித்து உள்பக்கம் பார்ப்பார்கள், கடைசியில் மல்லாத்திப் போட்டு வயிற்றைப் பார்ப்பார்கள். பால் வெள்ளை முடிக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் "ரோஸ் அடிக்குது" என்பார்கள். அதற்கு மேல் ஒரு பாராட்டு இங்கே கிடையாது. பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்கூட அவ்வளவு நிறைவாகப் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த குட்டிக்கு மூக்கு, காது, வயிறு எல்லா இடத்திலும் ரோஸ் அடித்தது. காதுதான் கேட்காது. இந்த வெள்ளையில் சில குட்டிகளுக்கு அப்படி அமைந்துவிடும். என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நாய் வளர்க்கும் அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்குச் சிமெண்டு மூட்டை இறக்கப் போனவரிடம் அவர், "செவிட்டுக் குட்டிய யாரு கேட்டு வாரா? நீ கொண்டு போப்பா. பங்காரம் இது" என்று கையில் கொடுத்துவிட்டார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பங்காரம் என்றால் தங்கம். மகளைக் கட்டிக்கொடுத்து எங்கள் வீடு வெறிச்சென்று கிடந்த நேரம். இவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, நீ பேசுறது இதுக்குக் கேக்காது. இந்த வீட்ல நிம்மதியா இருக்கப் போறது இது ஒண்ணுதான்" என்றார்.

பேர் வைக்கவில்லை. கேட்காத காதுக்குப் பேர் எதற்கு? குதிகாலால் தரையில் இரண்டு முறை தட்டினால், எந்த மூலையில் படுத்திருந்தாலும் அதிர்வு தெரிந்து எழுந்து ஓடி வரும். அதுதான் பேர். கேட்காது என்று தெரிந்தும் நான் அதனிடம் பேசிக்கொண்டுதான் இருந்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவ்வளவு பொறுமையாக என் பேச்சைக் கேட்டவர்கள் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை.

அதற்குப் பிடித்த இடம் மொட்டை மாடி. காலையில் இவர் டீ தம்ளரோடு மேலே போனால் பின்னாலேயே ஏறிவிடும். மல்லாந்து, நாலு காலையும் விரித்து, வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு கிடக்கும். தரை சுட ஆரம்பிக்கிறவரை இறங்காது. "வத்தல் காயுது" என்பார் இவர்.

போன வருஷம் வயிற்றுத் தோல் கூடுதலாகச் சிவந்தது. எங்களுக்குச் சந்தோஷம். அண்ணாச்சி எங்கள் தெருப் பக்கம் வந்தபோது இவரே கூப்பிட்டு மல்லாத்திக் காட்டினார்.

"இப்பத்தாம்ப்பா ரோஸ் நல்லா அடிக்குது. நான் சொன்னம்லா, பங்காரம்னு" என்றார் அவர். நாங்கள் மூன்று பேரும் நின்று அந்தச் சிவப்பை ரசித்தோம். அதில் ஒரு இடம் சொரசொரப்பாக இருந்தது. எறும்பு கடித்திருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். பிறகு பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்ந்தது, மறுபடி தட்டியது. ஒருநாள் அது படுத்து எழுந்த இடத்தில் ரத்தம் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல நாய் டாக்டர் இருக்கிறார் என்றார்கள். லோடு ஆட்டோவின் பின்னால் பாய் விரித்து, நானும் அதுவும் உட்கார்ந்து போனோம். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். குனிந்து வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார். எடுத்தவுடன் அவர் கேட்டது நோயைப் பற்றியே இல்லை.

"வெயில்ல படுக்குமாக்கா?"

"அதுக்கு அதுதான் உசுரு" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "வெள்ளைத் தோலுக்கு வெயில் ஆகாதுக்கா. இது சும்மா புண்ணு மாதிரி தெரியல."

"ரோஸ் அடிக்குதுன்னு நினைச்சோம்மா" என்றார் இவர்.

டாக்டரம்மா இந்தப் பக்கத்துப் பெண்தான். அந்தச் சொல் அவருக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் சட்டென்று கையைக் கழுவப் போனார் என்று நினைக்கிறேன்.

சதையில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்குத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். கேன்சர் என்று வந்தது. புண்ணைச் சுற்றி அகலமாக வெட்டி எடுத்துவிட்டால் பிழைக்க வழி இருக்கிறது, உள்ளே பரவாமல் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வெயிலே படக்கூடாது என்றார் டாக்டரம்மா. இவர் உடனே தலையாட்டினார். வெயில் இல்லாமல் அது எப்படி இருக்கும் என்று எனக்குள் ஓடியது. முதலில் பிழைக்கட்டும் என்று நானும் தலையாட்டினேன்.

அந்த வாரம் சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டத்தில், "எங்க வீட்ல ஒரு ஆளுக்கு வயித்துல கேன்சர், ஆபரேஷன் வச்சிருக்கு, ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஆள் என்றால் அவர்களுக்கு இவரை விட்டால் வேறு யார்? மறுநாள் எங்கள் தெருக்கோடி அக்கா ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்துவிட்டார். இவர் மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மனச விட்ராதீங்க தம்பி. நல்லாத்தான சாப்பிடுதீங்க. வயித்துலயாமே?"

இவர் உருண்டையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். மூலையில் படுத்திருந்த நாயை நான் காட்டினேன். அக்கா நாயைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"ஏட்டி, நான் நேத்து எம்புட்டு அழுதேன் தெரியுமா, நீ தாலியறுக்கப் போறியேன்னு."

"நான் இன்னும் இருக்கேங்க்கா" என்றார் இவர்.

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான். பிறகு அக்கா, "நாய் ஆப்பிள் திங்குமா?" என்று கேட்டுத் தானே நறுக்கி, விதையை எடுத்துப் போட்டுவிட்டு ஊட்டினார். அதன் தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தார்.

"சத்தமா ஜெபிச்சாலும் அதுக்குக் கேக்காதுக்கா" என்றார் இவர்.

"கேக்க வேண்டியவருக்குக் கேக்கும். நீங்க குழம்ப ஊத்திச் சாப்பிடுங்க."

ஆபரேஷன் முடிந்து எங்களை உள்ளே கூப்பிட்டபோது அது இரும்பு மேசையில் நாக்கு தொங்கக் கிடந்தது. வயிற்றில் பாதியைக் காணவில்லை. முடியை மழித்த இடமெல்லாம் தையல்.

"முழிக்கிற நேரம்தான். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா" என்றார் டாக்டரம்மா.

எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கத்தில் குதிகாலால் தரையைத் தட்டினேன். அந்த அதிர்வு மேசைக்கு ஏறவில்லை. இவர் குனிந்து, மேசைக் காலில் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினார். வால் நுனி அசைந்தது. எழுந்திருக்கப் பார்த்தது. வயிறு கிழிந்து கிடக்கும்போதும் கூப்பிட்டதற்கு வரப் பார்த்தது. இவர் தட்டிய கையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன். வெளியூர்களுக்குப் போகிற அந்தத் துணி யார் காயத்தைச் சுற்றும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. டாக்டரம்மா கட்டுப் போட்டபோது துணியின் ஓரத்தைப் பார்த்ததுமே எங்கள் பக்கத்துத் தறித் துணி என்று தெரிந்துவிட்டது. வீட்டில் அந்தக் கட்டை நானே மாற்றினேன். கத்தாது, என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். "ஆச்சும்மா, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே சுற்றுவேன்.

தையல் ஆறியது. நடக்கத் தொடங்கியதும் நேரே போனது மாடிப்படிக்குத்தான். இவர் மேல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படியில் ஏறி, பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்துகொள்ளும். கதவுக்கு அடியில் ஒரு கோடு வெயில் வரும். அதில் மூக்கை வைத்துக்கொண்டு கிடக்கும். இவர் சாக்கை மடித்து அந்த இடுக்கையும் அடைத்தார். அடைத்துவிட்டு இறங்கி வந்து சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

காது கேட்கிற நாயாக இருந்தால் அதட்டலாம், கொஞ்சலாம், பழக்கலாம். எங்களுக்குள் இருந்தது இரண்டு தட்டு மட்டும்தான். அதற்கு "வா" என்று அர்த்தம். "வேண்டாம்" என்பதற்கு எங்களிடம் தட்டு இல்லை. ஏன் பூட்டினோம் என்று அதற்குச் சொல்லவே முடியவில்லை.

மழைக்காலம் முடியும்போது தொடை இடுக்கில் ஒரு கட்டி என் கையில் தட்டுப்பட்டது. மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். உள்ளே போய்விட்டது என்றார் டாக்டரம்மா.

"இன்னொருக்க வெட்டிப் பாக்கலாமா?" என்றார் இவர்.

"பாக்கலாம்ண்ணே. எங்க வீட்டு நாயா இருந்தா நான் வெட்ட மாட்டேன்."

இவர் ரொம்ப நேரம் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப வெயிலு?"

டாக்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "படுக்கட்டும்ண்ணே" என்றார்.

மறுநாள் காலையில் இவர் சாக்கை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார். அதனால் படியேற முடியவில்லை. தூக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் விட்டார். நின்று கொஞ்சம் முகர்ந்தது. பிறகு மெதுவாகச் சாய்ந்து, மல்லாந்து, தைத்த வயிற்றை அப்படியே வெயிலுக்குக் காட்டியது. இவர் டீயைக் குடிக்கவில்லை. ஆடை கட்டிப் போயிருந்தது.

அதன் பிறகு தினமும் மாடிதான். தூக்கம் அதற்கு அரிதாகிவிட்டிருந்தது. வெயிலில் மட்டும் கண் அசரும். எங்கள் காலடி தரையில் அழுந்தினால் கூப்பிடுகிறோம் என்று நினைத்துத் தலையைத் தூக்கும். அதற்காக நாங்கள் விரல் நுனியில் நடந்து பழகினோம். துணி காயப்போடப் போகும்போது ஈர வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திருடப் போகிறவள் மாதிரி நடப்பேன்.

ஒரு முற்பகலில், அந்த வெயிலிலேயே போய்விட்டது. அண்ணாச்சி தன் தென்னந்தோப்பில் புதைக்க இடம் கொடுத்தார். துணியை விலக்கி வயிற்றைப் பார்த்துவிட்டு, "ரோஸ்னு சொன்னேனேம்மா" என்றார். "நாங்களுந்தான சொன்னோம்" என்றார் இவர்.

இப்போதும் காலையில் இவர் டீ தம்ளரோடு மேலே போகிறார். நான் அடுப்படியில் இருந்து கவனிப்பேன். தலைக்கு மேல் காலடிச் சத்தமே இருக்காது. விரல் நுனியில்தான் நடக்கிறார்.