வயர்லெஸ்ஸில் போன என் பாதி மூஞ்சி

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிய பிறகு இன்றுதான் முதன்முதலாக ஒரு படம் அனுப்பினேன். ராஜபாளையத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் ரேடியோ நண்பர் அண்ணாச்சிக்கு.

போனில் இருக்கும் ஆப் படத்தைச் சத்தமாக மாற்றும். அதை வாக்கி டாக்கி மைக்கில் காட்ட வேண்டும். அந்தப் பக்கம் அவருடைய போன் அதைக் கேட்டு, கோடு கோடாகப் படம் வரையும். முழுசாகப் போக இரண்டு நிமிடம் ஆகும். நான் அனுப்பியது என் போட்டோ.

பாதியில், துணி காயப்போட என் மனைவி வந்தாள்.

"என்னங்க இது, பெருச்சாளி கத்துத மாதிரி? பக்கத்து வீட்டு அக்கா எம்புட்டு நேரமா எட்டிப் பாக்காவ."

வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவள் நிறுத்தவில்லை.

அண்ணாச்சி ரேடியோவில் வந்தார். "தம்பி, மூக்கு வரைக்கும் நல்லா வந்திருக்கு. அதுக்குக் கீழ வாயே இல்ல, வெறும் கோடாக் கெடக்கு. பக்கத்துல யாரும் பேசினாவளா?"

மனைவிக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இந்த வாய மூட எம்புட்டுப் பாடுபட்டேன். இம்புட்டு லேசா?"

துணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, "என் போட்டோவ அனுப்புங்க" என்றாள்.

அனுப்பினேன். இந்த முறை அவள் மூச்சுக்கூட விடவில்லை.

"தங்கச்சி படம் பளிச்சுனு வந்திருக்கு" என்றார் அண்ணாச்சி.

இப்போது லைசென்ஸ் பரீட்சைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு லைசென்ஸ் தாங்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.