கொத்தனாருக்கு எத்தனை விரல் மணல்?

கடைத்தெருவில் அவருக்கு 'அதுவா இதுவா' என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "அது தெளிவா இருந்துச்சா, இது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. வருகிறவர்கள் பட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். பதில் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். சட்டை எடுக்கப் போனால் நீலமா பழுப்பா என்று நின்று நின்று, கடை சாத்தும் நேரத்தில் வெறுங்கையோடு திரும்புவார். மதில் மேல் பூனையாவது எந்தப் பக்கமாவது குதித்துத் தொலைக்கும். இவர் மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அங்கேயே குடியிருப்பார்.

இந்த மனிதர் வீட்டில் கடல்நீர்த் தொட்டியும் பவளமும் எப்படி வந்தன என்று கேட்கிறீர்களா? அதுவும் அவர் எடுத்த முடிவில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன வாடிக்கையாளர் ஒருவர் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவர்போல வைத்தார்கள். கூடத்துப் பக்கம் இவர் நாற்காலி. அந்தப் பக்கம் மனைவியின் அடுப்பு.

தொட்டியோடு இரண்டு ஜீவன்கள் வந்தன. ஒன்று விரல் நீள மஞ்சள் மீன். இன்னொன்று, மணலைத் தோண்டி வளை கட்டும் ஓர் இறால். இறாலுக்குக் கண் ஏறக்குறைய தெரியாது. அது தோண்டும், வாரிக்கொண்டு வந்து வாசலில் கொட்டும், மறுபடி உள்ளே போகும். மீன் வாசலில் நின்று காவல் காக்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசையை மீனின் மேல் வைத்துக்கொண்டே நிற்கும். ஆபத்து என்றால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே போய்விடும். ஒரே வளையில்தான் இரண்டுக்கும் குடித்தனம். இறால் அவ்வப்போது பெரிய கொடுக்கைச் சொடுக்கினால் 'டக்' என்று கூடம் வரை கேட்கும். முதல் தடவை தொட்டிக் கண்ணாடிதான் விரிசல் விட்டுவிட்டது என்று அவர் துணி எடுத்துக்கொண்டு ஓடினார்.

மனைவி அவற்றுக்குப் பெயர் வைத்தாள், கொத்தனார், காவல்காரர் என்று. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபின் அந்த வீட்டில் பகலெல்லாம் அவளுக்குப் பேச்சுத்துணை அந்த இரண்டும்தான். "என்ன கொத்தனாரே, இன்னைக்கும் வாசலை மாத்திட்டீங்களா?" என்று அவள் கேட்பது கூடத்தில் கேட்கும். புருஷனிடம் கேட்டால் பதில் வர நாளாகும். இறாலிடம் அந்தத் தொல்லை இல்லை.

போன கோடையில் பவளங்கள் சுருங்கத் தொடங்கின. பாறையெல்லாம் பச்சைப் பாசி. மணலைக் கிளறினால் கறுப்பு, அழுகின முட்டை நாற்றம். வண்ணமீன் கடைக்காரர் வந்து ஒரு மோப்பம் பிடித்தார்.

"மணல் கெட்டுப்போச்சு சார். மொத்தத்தையும் எடுத்துடுங்க. புதுசா எந்த மாதிரி போடறதுன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்களாம். யாரிடம் போய் எதைச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

மணலை எடுத்தாயிற்று. பாறையும் பவளமும் வெறும் கண்ணாடித் தரையில் நின்றன. மீனையும் இறாலையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, காற்றுக்குழாய் போட்டு, மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க மேலே வலை கட்டி, பக்கத்திலேயே தரையில் வைத்தார். இரண்டே நாளைக்கு என்றுதான் வைத்தார்.

பிறகு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"அரை அடி உயரத்துக்குப் போடுங்க சார்," என்றார் வண்ணமீன் கடைக்காரர். "அடியில காத்துப் போகாது. காத்தில்லாத இடத்துல இருக்கற கிருமிதான் தண்ணியில இருக்கற அழுக்கைத் தின்னும். ஆனா போட்டப்புறம் கையே வைக்கக் கூடாது."

மனைவியின் தம்பியும் கடல்நீர்த் தொட்டிக்காரன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, மணல்னாலே குப்பைத்தொட்டி. ஒரு பொட்டு மணல் இல்லாம வச்சிருக்கேன், வந்து பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு." போய்ப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது.

போனில் பார்த்த வீடியோவில் வந்த தாடிக்காரர் ஒருவர், அடியில் துளைத்தட்டு வைத்து, அதற்குக் கீழே அசையாத தண்ணீர் நிற்க இடம் விட்டு, மேலே மணல் போட வேண்டும் என்றார். இன்னொருவர், இதெல்லாம் பழங்கதை, இரண்டு விரல் மணல் போட்டு வாரம் ஒருமுறை குழாய் வைத்து உறிஞ்சினால் போதும் என்றார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவர் சொல்வதே சரியாக இருந்தது. அதுதான் கஷ்டம். கேட்கக் கேட்கத் தெளியும் என்று நினைத்தார், இருந்ததும் கலங்கியது. சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டு, இது அரை அடி, இது இரண்டு விரல் என்று அளந்தார். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"காவல்காரர் சாப்பிடலைங்க," என்றாள் ஒரு காலையில். "கொத்தனார் மூலையிலயே ஒண்டிக்கிட்டு இருக்கார். அவருக்குத் தோண்ட ஒண்ணுமில்லை. செத்துப்போயிடும்ங்க. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

அன்றிலிருந்து அவருக்கு அந்த வலைக்குள் குனிந்து பார்க்கவே பயம். கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றபடி, "சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்பார். இரண்டொரு நாளில், "சாப்பிட்டார்," என்று பதில் வந்தது. மறுநாளும் சாப்பிட்டார். அப்பாடா என்று மூச்சு விட்டவர் என்ன செய்தார் தெரியுமா? இன்னும் கொஞ்சம் யோசிக்க அவகாசம் கிடைத்தது என்று மறுபடி போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலங்களில் 'டக்' என்று கேட்கும். இருக்கிறார்கள் என்று சமாதானமாகிக்கொள்வார்.

கடையில் ஒரு நாள் ஓர் அம்மாள் வந்தார். கண்ணில் பெரிய கண்ணாடி, கையால் சுவரைத் தடவிக்கொண்டே வருகிறார்.

"இது எங்க அக்காவோட கண்ணாடி தம்பி. அவ போட்டா பேப்பர்ல பொடி எழுத்தெல்லாம் படிக்கறா. எனக்கு மட்டும் தலை சுத்துது. கண்ணாடியில ஏதோ கோளாறு, பாருங்க."

"கண்ணாடியில ஒரு கோளாறும் இல்லம்மா. அவங்க கண்ணு வேற, உங்க கண்ணு வேற. யாருக்குன்னு பார்க்காம எது நல்ல கண்ணாடின்னு கேட்டா நான் என்னன்னு…"

சொல்லிக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். அந்த அம்மாள் பயந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றினார்.

இத்தனை பேரிடம் கேட்டாரே, என் தொட்டியில் மணல் தோண்டும் இறால் ஒன்று இருக்கிறது என்று ஒருத்தரிடமாவது சொன்னாரா? சொல்லவில்லை. கடைக்காரரின் அரை அடி மணலில் கை வைக்கவே கூடாது. கொத்தனார் என்றால் அடிவரை குடைந்து தள்ளிவிடுவார். துளைத்தட்டுக்கும் அதே கதி. மச்சினன் தொட்டியில் வெறும் பவளம்தான், அவனுக்கு மணல் எதற்கு? இவர் தொட்டியில் வீடு கட்டிக் குடியிருக்க இரண்டு பேர் இருக்கிறார்களே. ஊரார் கண்ணாடியை எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத் தலை சுற்றிக் கிடந்திருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த அம்மாளுக்குப் பார்வை பார்த்து அனுப்பிவிட்டு, கடையைச் சாத்தினார். இரண்டு மூன்று விரல் உயரத்துக்கு மணலும், வளை இடியாமல் நிற்க நடுவில் கலக்க உடைந்த பவளத் துண்டுகளும் வாங்கினார். வண்ணமீன் கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். "வேண்டாம், முடிவு பண்ணிட்டேன்," என்றார் இவர். சொன்ன வார்த்தை அவருக்கே புதிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்த வேகத்தில் பையை இறக்கிவிட்டு வலையை அவிழ்த்தார். உள்ளே தண்ணீர் இருந்தது. காற்றுக்குழாய் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. மீனும் இல்லை, இறாலும் இல்லை.

தரையெல்லாம் தேடினார், நாற்காலிக்கு அடியில் தேடினார். "போச்சு, என்னாலதான் போச்சு," என்று முனகிக்கொண்டே சமையலறைக்குள் போனார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்க பாருங்க," என்றாள் கத்தியால் காட்டி.

பெரிய தொட்டிக்குள்ளேயே, பாறைக்குப் பின்னால், கூடத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஓவனில் வைக்கும் சதுரக் கண்ணாடிப் பாத்திரம். அது நிறைய மணல். மணலில் ஒரு வளை, வாசலில் காவல்காரர், அவர் முதுகில் கொத்தனாரின் மீசை.

"பரண்ல பழைய பை ஒண்ணுல நல்ல மணல் கொஞ்சம் இருந்துச்சு. கழுவிப் போட்டு இதுல விட்டேன்."

"எப்ப?"

"சாப்பிட்டார்னு சொன்னேனே, அதுக்கு முந்தின நாள்."

அவருக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, கும்பிட வேண்டும்போலவும் இருந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் எவ்வளவு குழப்பத்துல இருந்தேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மட்டும் குழப்பம் இல்லையா? பண்ணது சரியா தப்பான்னு தெரியாது. காலையில எழுந்தா இருக்கோ செத்துடுச்சோன்னு பயம். பொண்ணை வெளியூர் அனுப்பறப்பவும் இப்படித்தான் பயந்தேன், இந்த வீட்டை வாங்கறப்பவும்தான். நீங்க யோசிச்சிட்டே இருக்கலாம்ங்க. நான் யோசிச்சிட்டே இருந்தா இங்க எதுவும் நடக்காது. எல்லாத்தையும் தனியாவே பயந்து பயந்து பண்ணி எனக்கு அலுத்துப்போச்சு."

இத்தனை வருஷமும் அவர் குழப்பம் தனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தார். பையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு விரல், மூணு விரல் உயரம் போடறோம்," என்றார். "துண்டும் கலந்து. கொத்தனாருக்கு அதுதான் சரி. தப்பாப் போனா நான்தான் பொறுப்பு. பாத்திரம் அங்கயே இருக்கட்டும். அவர் வர்றப்ப வரட்டும். வா, ஒரு கை பிடி."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் குழாய் வழியாக மணலை மெல்ல இறக்க, அவள் கையை விட்டுப் பரப்பினாள். எவ்வளவு கழுவியும் தூசி போகவில்லை. தொட்டி முழுக்கப் பால் கொட்டியதுபோல வெளுத்துவிட்டது. பாறை மறைந்தது, பாத்திரம் மறைந்தது. இருவரும் கூடத்தில் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியலை. மூச்சு முட்டிடுமோ?" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. அவள் பயப்படுவதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் போனை எடுக்கவில்லை.

நேரம் போனது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

"கொத்தனார்," என்றாள் அவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "காவல்காரர்?"

"இருக்கார்," என்றார் அவர். "கூட ஆள் இல்லாம கொத்தனார் வேலை பார்க்கமாட்டார்."